பிறேமினிக்குப் போட்ட வெல்ஷ் சொல்

2006 வைகாசியில், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், பிறேமினி ஒரு கிழமை முழுக்க மேசை விளக்குப் போல வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுடைய தாய் பிலோமினம்மா பார்த்த வேலை. எங்கள் ஆட்களுக்குக் கலியாணக் குறிப்பில் பெண்ணை ‘ஃபெயர்’, அதாவது நல்ல வெள்ளை, என்று போடாவிட்டால் மனம் ஆறாது. பிறேமினி நல்ல கறுப்பு. அவள் தானே விரும்பிய வேல்ஸ்காரப் பெடியன் கேரத்துக்கு அது தெரியும். அவனுக்குக் கண் இருக்கிறது. ஆனாலும் கலியாணப் பூசைப் புத்தகத்தில் அந்தச் சொல் வரவேண்டும் என்று பிலோமினம்மா ஒற்றைக்காலில் நின்றார். புத்தகம் தங்கள் வெல்ஷ் மொழியிலும் வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் நின்றார்.

கார்டிஃபில் படித்து வெல்ஷ் பழகிய மலேசியத் தமிழர் புவனேசனை மொழிபெயர்க்கப் பிடித்தார்கள். இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே நாலைந்து சொல் இருக்கிறது என்றார் அவர். முதலில் நிறத்துக்கான சொல்லைப் போட்டார்; அதற்கு வெளிச்சம் என்றும் ஒரு கருத்து. அன்று பின்னேரமே பிள்ளை ஒளிரத் தொடங்கிவிட்டாள். அந்த வெளிச்சத்தில் கறுப்பு இன்னும் துலக்கமாகத் தெரிந்ததுதான் தாய்க்குப் பொறுக்கவில்லை. மீன்கடையில் புரட்டிப் பார்ப்பதுபோல, அர்த்தம்கூடக் கேளாமல் அடுத்ததைப் போடச் சொன்னார். அது நல்ல வானிலைக்கான சொல். பஸ் தரிப்பில் ஊரே மழையில் நனைய, பிறேமினியின் தலைக்கு மேல் மட்டும் வெயில் எறித்தது. பிள்ளை இன்னும் கறுத்துப்போனாள். மூன்றாவது, ‘ஏதோ பரவாயில்லை’ என்ற கருத்துள்ள சொல். அதைப் போட்டதும் கேரத் அவளைப் பார்த்து, பரவாயில்லை என்றான். கலியாணத்தைப் பற்றிக் கேட்டாலும் பரவாயில்லை என்றான். அவளைப் பார்க்க வேல்ஸிலிருந்து கிழமைதோறும் ரயிலேறி வந்தவன்.

பிறேமினி தாய்க்குச் சொல்லாமல் கோலியர்ஸ் வுட்டில் புவனேசன் வீட்டுக்குப் போனாள்.

“கறுப்பு எண்டே போடுங்கோ அண்ணை. அம்மாவுக்கு வெல்ஷ் வாசிக்க ஏலாதுதானே.”

அந்தச் சொல்லால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே அப்படித்தானே இருந்தாள். கேரத் மட்டும் பழையபடி வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்க்கத் தொடங்கினான். கலியாணம் நடந்தது. பிலோமினம்மா அச்சடித்த சொல்லைக் கோயில் முழுக்கக் காட்டி, வெல்ஷில் வெள்ளையை இப்படித்தான் எழுதுவார்கள் என்று பீற்றிக்கொண்டார். அதை நம்பி, செபமாலைமுத்து தன் மகள் றோஸ்மலரின் கலியாணக் குறிப்பிலும் அதே சொல்லைப் போட்டார். றோஸ்மலர் உண்மையிலேயே வெள்ளைப் பெட்டை. அடுத்த ஞாயிறு பூசைக்குக் கன்னங்கரேலென்று வந்து முன்வாங்கில் இருந்தாள்.

“இப்பதான் பிள்ளை நல்ல நிறமா இருக்கிறாள்,” என்றார் பிலோமினம்மா. சுற்றியிருந்தவர்களும் ஓம் என்றார்கள்.