நாற்பத்தாறுக்குப் பூஜ்யம்

பெல்டன் ஊர் தபால் நிலையத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் பெட்டியைத் திறந்த எல்வுட் டீக், உள்ளே கையை விட்டுப் பின்பக்கம் வரை தடவிப் பார்த்தார். வெறும் தகரம்தான் தட்டுப்பட்டது.

"உள்ள புறா ஏதாவது முட்டை போட்டிருக்கா?" என்றாள் கவுண்டருக்குப் பின்னாலிருந்த வாண்டா. "மூணு மாசமா பாக்கறேன். திறக்கறீங்க, தடவறீங்க, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறீங்க."

"கேட்லாக் ஒண்ணு வரணும். தூண்டில் சாமான் விக்கறவங்க அனுப்பறது."

"நீங்க ஒரு மீன் பிடிச்சு நான் பார்த்ததே இல்லையே எல்வுட்."

"அதனாலதான் நல்ல தூண்டில் தேடறேன்."

வாண்டா சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டவர் அதைத் திருப்பாமல் வெகுநேரம் இருந்தார். அது 2004 மே மாதம். அவருக்கு எழுபத்தொரு வயது.

அவர் எதிர்பார்த்தது தூண்டில் கேட்லாக் அல்ல. மாதத்தின் இரண்டாவது வாரத்தில் வரும் ஒரு பழுப்பு உறை. அனுப்புநர் பெயர் இருக்காது. பிட்ஸ்பர்க் நகரத்துத் தபால் பெட்டி எண் மட்டும் இருக்கும். உள்ளே எட்டுப் பக்கச் செய்திமடல். 'ஏழாம் நிலவு' என்பது அதன் பெயர். அறிவியல் புனைகதைகளை விரும்பிப் படிக்கும் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் சேர்ந்து அந்த நகரத்தில் நடத்தும் ரசிகர் மன்றத்தின் மடல் அது. பதினேழு வருடமாக ஒரு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மொனொங்கஹேலா ஆற்றில் சரக்குப் படகுகளுக்கு மதகு திறந்துவிடும் வேலையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர் எல்வுட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அக்காள் ஆக்னஸ் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவள். அதனால்தான் தபால் நிலையத்தில் தனிப் பெட்டி. அதனால்தான் மடலை ஆற்றங்கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிப்பது.

அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. புதிதாக வந்த நாவல்களைப் பற்றி நாலு அபிப்பிராயம். வேறு நகரத்து மாநாட்டுக்குப் போனவர்கள் யார் எந்த வேற்றுக்கிரக வேஷம் போட்டார்கள், எவருடைய வால் லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டது என்ற செய்தி. யாருக்கோ யாரோடோ இருபதாவது ஆண்டு நிறைவு, கேக் கருகிவிட்டது. யாருடைய பூனையோ செத்துப்போயிற்று. எல்வுட் இவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை. 1989-ல் ஒருமுறை கூட்டத்துக்கென்று நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனார். எதிர்ச்சாரியில் காரை நிறுத்தினார். விருந்துக்கான சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு சிரித்துப் பேசியபடி ஆட்கள் உள்ளே போவதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்தப் பூனையின் பெயர் அவருக்குத் தெரியும். அது செத்த மாதம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மடலின் வாசகர் பக்கத்துக்கு மாதாமாதம் எழுதுவார். 'வால்வெள்ளி' என்று கையெழுத்திடுவார். மன்றத்தின் பதிவேட்டிலும் அந்தப் பெயர்தான்.

பிப்ரவரி மடலில் டெஸ்மண்ட் என்ற உறுப்பினர் எழுதிய கதை வந்திருந்தது. நானூறு பேரை ஏற்றிக்கொண்டு வேறு சூரியனுக்குப் போகும் கப்பலைப் பற்றியது. எல்வுட் எழுதினார்: "நானூறு பேரில் நாற்பது வயதைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லையே. வயதானவர்களை வழியில் எங்கே இறக்கிவிட்டீர்கள்?" தபாலில் போடும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மடல் நின்றது.

ஏப்ரலில் விசாரித்து ஒரு கடிதம் போட்டார். பதில் இல்லை. மே மாதம், "என் விமர்சனம் கடுமையாக இருந்திருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதினார். ஜூனில் இன்னும் பணிந்து எழுதினார். மடலின் பின்பக்கத்திலிருந்த தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த இணைப்பு இப்போது இல்லை என்றது ஒரு பதிவுக் குரல். அன்று அவர் முடிவு செய்துவிட்டார். தன்னை மன்றத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"என்னடா இது, காய்ச்சலா?" என்றாள் ஆக்னஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "தேவாலயத்துல பாட்டுக்கு வாயே அசைக்கல நீ."

"ஒண்ணுமில்ல. ஒரு சிநேகிதன் பேச்சை விட்டுட்டான்."

"உனக்கேது சிநேகிதன்?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள் அக்காள்.

எல்வுட் தட்டைக் கழுவ எழுந்து போனார்.

நகரத்தில் நடந்தது இதுதான். மன்றத்தின் செயலாளர் மரிசோல், வயது முப்பத்தொன்று, மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சுறுசுறுப்பானவள். மடலை அச்சடித்து, மடித்து, உறையிலிட்டு அனுப்புவதற்கு ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை முழுதும் போய்விடுகிறது. இணையதளத்தில் போட்டுவிட்டால் அன்றைக்கே எல்லோரும் படிக்கலாம் என்றாள். நியாயமான யோசனை. பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடந்தது, மின்னஞ்சலில். நாற்பத்தாறு பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. மன்றத்தின் சரித்திரத்தில் இவர்கள் எல்லோரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று கேலி பேசி மகிழ்ந்தார்கள். 'இனி நமது மடல் இங்கே மட்டும்தான் கிடைக்கும்' என்ற அறிவிப்பை இணையதளத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டார்கள். பதில் பேசும் கருவி இருந்த தொலைபேசி இணைப்பும் தேவையில்லை என்று எடுத்தாயிற்று.

கம்ப்யூட்டர் இல்லாத பதினோரு பேர் பதிவேட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டெடுப்பே தெரியாது. அறிவிப்பும் தெரியாது.

செப்டம்பரில் தபால் பெட்டியையும் மூடிவிடலாம் என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் மரிசோல். அச்சு மடல் நின்றதிலிருந்து யாரும் திறக்காத பெட்டிக்குள் கடிதங்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றில் ஆறு ஒரே கையெழுத்தில், ஒரே பெயரில் இருந்தன. காரிலேயே பிரித்துப் படித்தாள். ஆறாவது கடிதம் ஆகஸ்டு மாதத்தது. அதில் இவ்வளவுதான் இருந்தது: "இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன். பழைய மடல்களை நான் வைத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்ப வேண்டுமா என்று மட்டும் தெரிவியுங்கள்."

அன்று மதியம் டெஸ்மண்டின் வீட்டில் மாதக் கூட்டம். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அக்டோபர் மாநாட்டில் மன்றம் கொடுக்கப்போகும் விருந்தைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் மாதிரி பச்சை ஜெல்லி வேணாம்," என்றான் ஒருவன். "செவ்வாய்க்கிரகத்துச் சாப்பாடுன்னு சொல்லி வச்சோம், மூணு பேருக்கு வயித்தால போச்சு."

"அது ஜெல்லி இல்லப்பா, உன் சமையல்," என்றார் பெர்னி. அறுபத்தெட்டு வயது. மன்றத்தைத் தொடங்கிய நாலு பேரில் மிஞ்சியிருப்பவர் அவர் மட்டும்.

மரிசோல் உட்காராமல் நின்றபடியே ஆறு கடிதங்களையும் வரிசையாகப் படித்தாள். முதல் கடிதத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்மண்டைக் குத்திக் கிண்டல் செய்தார்கள். மூன்றாவதற்குச் சிரிப்பு நின்றது. ஆறாவதைப் படித்து முடித்ததும் டெஸ்மண்ட் கையை நீட்டி முதல் கடிதத்தை வாங்கிப் பார்த்தான்.

"நான் இந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லையே," என்றான் டெஸ்மண்ட். "படிக்காத கடிதத்துக்காக ஒரு மனுஷன் நாலு மாசமா மன்னிப்புக் கேட்டிருக்காரு."

"இப்பவே கூப்பிடலாம். நம்பர் என்ன?" என்றான் ஒருவன்.

"நம்பர் இல்ல," என்றாள் மரிசோல். "பேரும் இல்ல. வால்வெள்ளி, பெட்டி எண், பெல்டன். அவ்வளவுதான்."

"நேர்ல போலாம். சின்ன ஊருதானே, விசாரிச்சா..."

"விசாரிச்சா?" டெஸ்மண்ட் குறுக்கிட்டான். "தபாலாபீஸ்ல போய் என்னன்னு கேப்ப? எங்க மன்றத்து ஆளைத் தெரியுமான்னா? விதி இருக்குல்ல. ஃபோன் பண்ணக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது. விதியை மீறச் சொல்றியா?"

எல்லோரும் பெர்னியைப் பார்த்தார்கள். அந்த விதியை எழுதியவர் அவர். 1986-ல் ஒரு இளம் பள்ளி ஆசிரியனின் வீட்டுக்கு மன்றத்திலிருந்து யாரோ நல்லெண்ணத்தோடு ஃபோன் செய்தார்கள். எடுத்தவர் அவன் அப்பா. ஒரே வாரத்தில் அவனுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. அதன் பிறகுதான் உறையில் பெயரில்லாமல் போனது. பதிவேட்டில் புனைபெயர் போதும் என்றானது.

பெர்னி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"விதியை மீற வேணாம். அந்த மனுஷன் ஏன் ஒளிஞ்சிருக்காருன்னு நமக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. அவங்களை வேற யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு நான் அந்த விதியை எழுதினேன். நாமளே அவங்களைத் தொலைச்சிடறதுக்கு எழுதல. அந்த உறை ஒண்ணுதான் அவங்களுக்கு இருந்த கதவு. அதை அடைச்சது அவங்க ஊர்க்காரன் இல்ல. நாமதான்."

"நான்தான்," என்றாள் மரிசோல்.

"நானும்தான் ஓட்டுப் போட்டேன்மா. எனக்கும் முதுகு வலி, உறை ஒட்ட முடியல. பழி எல்லாத்தையும் நீயே அள்ளிக்காத, எனக்கும் கொஞ்சம் வை."

அன்றே பதினோரு பழுப்பு உறைகள் வாங்கி வந்தார்கள். மரிசோல் பதினோரு கடிதங்களையும் கையால் எழுதினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். 'நீங்கள் விரும்பினால் மட்டும்' என்று அதன் கீழ் கோடிட்டாள். ஏழு பேர் உடனே பதில் போட்டார்கள். இரண்டு பேரிடமிருந்து தகவலே இல்லை. ஒரு உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அதன் மேல் யாரோ பேனாவால், 'ஜூலையில் இறந்துவிட்டார், இனி அனுப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். மன்றத்துக்கு அவர் 'தெற்கு வளையம்'. பதினோரு வருட உறுப்பினர். இரங்கல் குறிப்பு எழுத உட்கார்ந்த மரிசோலுக்கு, அவர் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை.

பதினோராவது ஆள், உறைகள் தபாலில் போன நாலாம் நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். பின்னால் லாரிகள் போகும் சத்தம். தெருவோரப் பொதுத் தொலைபேசி என்று தெரிந்தது.

"வணக்கம்மா. நான்... வால்வெள்ளி."

"ஐயா! நீங்களா! இருங்க, வச்சிடாதீங்க."

"வைக்கல." நாணயம் ஒன்று விழும் சத்தம். "கடிதம் வந்துது. ரெண்டு தடவை படிச்சேன். ஆனா உங்க வாயால கேக்கணும். என்னை நீக்கினீங்களா, இல்லையா? நேரா சொல்லிடுங்க, நான் தாங்கிப்பேன்."

"சத்தியமா நீக்கலைங்க. நாங்க... உங்களை மறந்துட்டோம்."



"நீக்கியிருந்தாலே தேவலை போல. நீக்கணும்னா, உக்காந்து ஒரு அஞ்சு நிமிஷமாவது என்னைப் பத்திப் பேசியிருப்பீங்க."

"மன்னிச்சிடுங்க," என்றாள் மரிசோல். பிறகு அவசரமாக, மடல் மறுபடி அச்சில் வரும் என்றாள். கப்பல் கதையில் வயதானவர்களைச் சேர்த்துவிடுவதாக டெஸ்மண்ட் சொல்லச் சொன்னான் என்றாள்.

"சேக்க வேணாம்னு சொல்லுங்க," என்றார் எல்வுட். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. "தம்பி கதையைத் தப்பா எழுதல. நடக்கறதைத்தான் எழுதியிருக்கான்."

"அடுத்த கூட்டத்துக்கு நீங்க வரணும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பாக்கலாம்மா. எனக்கு அவ்வளவு தைரியம் இன்னும் வரல. என் அக்கா இருக்கா, ஊர் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த ஓட்டெடுப்புல எதிர்ப்பே வரலன்னு எழுதியிருந்தீங்களே, எத்தனை?"

"நாப்பத்தாறுக்குப் பூஜ்யம்."

"நான் முப்பத்துநாலு வருஷம் மதகு திறந்தவன். ஆத்துல ஒரு படகும் கண்ணுல படலைன்னா, படகே இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்கமாட்டோம். பனி மூட்டமா இருக்கும். இறங்கிப் போய்ப் பார்ப்போம். இனிமே பூஜ்யம்னு வந்தா கை தட்டாதீங்கம்மா. யாரை நாம கேக்கவே இல்லைன்னு தேடிப் பாருங்க. ஒதுங்கி வாழறவங்க தங்களை விட்டுட்டாங்கன்னு சத்தம் போடமாட்டாங்க. தங்க மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கிட்டே செத்துப்போவாங்க."