பவுடர் டப்பாவில் ஒரு ஓட்டு

நான் குக்கோவின் தாடையில் நுரை பூசிக்கொண்டிருந்தபோதுதான் நோர்பெர்த்தோ அந்தக் காலிப் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தான். வியாழக்கிழமை காலை. டப்பாவின் மூடியில் சீட்டு நுழையுமளவுக்கு ஒரு கீறல். சீசன் முடிந்ததும் அமெரிக்காவில் முப்பது பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு பேஸ்பாலில் பந்து எறிகிறவர்களில் வருடத்தின் சிறந்த பிட்சரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் தீவில், நிசாவோ ஊரில் என் சலூன் ஓட்டுப் போட்டுவிடும். பதினெட்டு வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது. அந்த முப்பது பேர் மாற்றிப் போட்டுவிட்டால் மூன்று மாதம் உட்கார்ந்து அவர்களைத் திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் சீட்டில் எழுத இரண்டே பெயர்தான். ஒருவன் கார்வர் என்கிற டெக்சாஸ்காரன். இன்னொருவன் தெல்வின், என் மகன்.

"கார்வர் ரன்னே குடுக்கல, சரி. ஆனா எத்தன இன்னிங்ஸ் எறிஞ்சான்?" என்றான் நோர்பெர்த்தோ. லாட்டரிக் கடை வைத்திருப்பவன், எண்களைக் கனவிலும் விடமாட்டான். "ஒம்போது இன்னிங்ஸ் மேட்ச்ல ஆறாவதுலயே தூக்கி உள்ள உட்கார வெச்சுடுறாங்க. நம்ம பய எட்டு, ஒம்போதுன்னு நிக்கிறான். ஞாயித்துக்கெழம கடைசி மேட்ச்ல ஏழு இன்னிங்ஸ் எறிஞ்சிட்டான்னா பேச்சே கெடையாது."

"எறியாம எங்க போயிடுவான்?" என்றான் நாற்காலியிலிருந்த குக்கோ. தெல்வினுக்கு ஞானத்தகப்பன். பைக்கில் சவாரி ஏற்றிப் பிழைக்கிறான். பத்தொன்பது வயதில் பிட்சராக அமெரிக்கா போய், முழங்கை நரம்பு அறுந்து இருபதில் திரும்பி வந்தவன். அந்த வலது கை இன்றுவரை நேராக நீண்டதில்லை. "நேத்துகூட போன் பண்ணி சொன்னேன், மவனே, ஊரே பாத்துட்டு இருக்கு, பின்வாங்குனா இந்தப் பக்கம் வராதன்னு."

குக்கோ மட்டுமா? மீன்காரன், பாதிரியார், பழைய டீச்சர் என்று ஊரே தெல்வினுக்குப் போன் போட்டு எறி, எறி என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம் வேறு.

திங்கட்கிழமை வீடியோவில் பேசும்போது தெல்வின் சூப் குடித்துக்கொண்டிருந்தான். பந்து எறிகிற வலது கையில் இல்லாமல், கரண்டி இடது கையில் இருந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"அப்பா, அம்மாகிட்ட சொல்லாத. யார்கிட்டயுமே சொல்லாத."

"எத்தன நாளா?"

"ஒரு மாசம். முழங்கைக்குள்ள ஏதோ சுருக்குனு இழுக்குது. இன்னும் ஒரே மேட்ச்தான்பா. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் மனைவி ஹசிந்தாவுக்குப் போன வருடம்தான் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். அவள் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீற எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் கிளப்புக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யாரிடம், எந்த மொழியில், என்னவென்று சொல்வது? என் மகன் உங்களை ஏமாற்றுகிறான் என்றா? சொல்லாவிட்டால் அவன் கை போகும், சொன்னால் அவன் பெயர் போகும். மூன்று நாளாகச் சவரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்ப யோசித்தேன்.

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் தோன்றியது. தெல்வினுக்கு வாய்ப்பே இல்லை என்று கடை நம்பிவிட்டால் போன் போடுவதை நிறுத்திவிடுவார்கள். யாரும் நெருக்காவிட்டால் அவனாகவே ஒதுங்கிவிடுவான். சீட்டை எடுத்து, கார்வர் என்று எழுதி, மடித்து டப்பாவில் போட்டேன்.

மதியம் எண்ணினார்கள். பதினொன்றுக்கு ஒன்று.

"இது எந்தப் பய போட்டது?" நோர்பெர்த்தோ சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஃபெர்மின் அண்ணே! இது உங்க எழுத்தாச்சே!"

கடை விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். கத்தியை வைத்துவிட்டு வக்கீல் மாதிரி வாதாடினேன்.

"என்ன சிரிப்பு? நம்ம பய ஜெயிச்ச மேட்ச்ல பாதி, கூட இருக்கவங்க அடிச்சுக் குடுத்தது. ஆகஸ்ட்ல ரெண்டு மேட்ச்ல அடி வாங்குனத மறந்துட்டீங்களா? கார்வர் ஒரு மேட்ச்லயாவது அப்படி அடி வாங்குனானா? விருது அவனுக்குத்தான். இனிமே இவன் எறிஞ்சாலும் ஒண்ணுதான், எறியலன்னாலும் ஒண்ணுதான். பேசாம வீட்ல இருக்கட்டும்."

"பெத்தவன் பேசுற பேச்சா இது?" என்றான் குக்கோ. அவன் முகம் சுண்டிப்போனது. நோர்பெர்த்தோ கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஓட்டு எண்ணுவதை வருடா வருடம் அவன் படம் பிடிப்பது வழக்கம். சாயங்காலத்துக்குள் தீவு முழுக்க அதைப் பார்த்துவிட்டது. மறுநாள் அமெரிக்காவிலும் கீழே மொழிபெயர்ப்பு ஓடவிட்டு டிவியில் போட்டார்கள்.

சனிக்கிழமை தெல்வின் கூப்பிட்டான். கடை நிறைய ஆள். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கேயும் குக்கோ பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நேத்து காலைல டீம் டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு கெளம்புனேம்பா," என்றான் தெல்வின். குரலில் கோபம்கூட இல்லை. "ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள எங்க டீம் பசங்க எல்லாம் போன்ல உன்னப் பாத்துட்டு இருந்தாங்க. என்னப் பாத்ததும் போன அணைச்சுட்டாங்க. அப்படியே திரும்பிட்டேன்."

"டேய், நான் எதுக்கு சொன்னேன்னா..." குக்கோ தலையைத் தூக்கிப் பார்த்தான். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். "நீ எறிய வேணாம்டா. அப்பா சொல்றேன், வேணாம்."

"எறியாம விட்டா நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடும். நாளைக்கு உன் கண்ணாலயே பாத்துக்கோ."

வைத்துவிட்டான். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரவு வரை கூப்பிட்டேன். அவன் ஒதுங்கிக்கொள்ள இருந்த கதவைச் சாத்தியது நான்தான், சாவியைத் தூக்கி எறிந்ததும் நான்தான்.

ஞாயிறு மதியம் கடையில் நிற்க இடமில்லை. என்னோடு யாரும் பேசவில்லை. என் பாவத்தை மன்னிக்கிற மாதிரி குக்கோ மட்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "செரைச்சு விடு," என்றான். கரண்ட் போய்விடக் கூடாதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். மூன்றாவது இன்னிங்ஸில் போகவும் போனது. உடனே இன்வெர்ட்டர் உறுமிக்கொண்டு டிவியை எழுப்பிவிட்டது. தெல்வின் வாங்கிக்கொடுத்த இன்வெர்ட்டர்.

நான்கு, ஐந்து, ஆறு. அவன் கையிலிருந்து பந்து பறந்தது. ஒவ்வொரு பந்துக்கும் கடை எழுந்து உட்கார்ந்தது. நான் குக்கோவின் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அப்படியே நின்றேன். ஏழாவது இன்னிங்ஸின் கடைசி ஆளையும் அவன் பந்தைத் தொடவிடாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. நோர்பெர்த்தோ டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினான்.

"இப்ப சொல்லுங்கண்ணே! இப்ப யாருக்கு உங்க ஓட்டு?"

அவனுடைய ஒன்பது வயதிலிருந்து எனக்குத் தெரியும், ஜனம் கை தட்டினால் தெல்வின் வலது கையால்தான் தொப்பியைத் தூக்குவான். இன்று அந்தக் கை தொடையோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. கையுறை மாட்டிய இடது கையை உயர்த்தித் தொப்பியைத் தள்ளினான். அது நழுவிப் புல்லில் விழுந்தது. அவன் குனியவில்லை. தாண்டிப் போய்விட்டான்.

கடை ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் குக்கோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து உதிர்ந்தது. போர்வைத் துணிக்கு அடியில், நேராக நீளாத அந்த முழங்கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"ஃபெர்மின்," என்றான் மெதுவாக. "எத்தன நாளா?"