துரை போட்ட முட்டைகள்

துரை கம்பில் உட்காராமல் கூண்டின் தரையில், ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. இறகெல்லாம் உப்பியிருந்தன. கண்களை மூடி மூடித் திறந்தது. வால் மட்டும் ஒரே சீராக மேலும் கீழும் அசைந்தது. முக்குகிறது என்று ரெத்தினத்துக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. இருபத்தாறு வருஷமாகக் குடவாசல் பக்கத்துக் கிராமங்களில் செவிலியர் வேலை பார்ப்பவளுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இது பதினான்காவது முட்டை. வெளியே வராமல் நின்றுவிட்டது.

மகள் பூவிழி கல்லூரியில் படித்தபோது வாங்கிவந்த காக்கடீல் என்ற சின்னக் கிளி. உச்சியில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு. கடைக்காரன் ஆண் என்று சொல்லிக் கொடுத்ததால் துரை என்று பெயர் வைத்தாள். மூன்று வருஷம் ஆணாகவே வளர்ந்தது. இந்தத் தை மாதம் ஒரு காலையில் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளை முட்டை கிடந்தது. பக்கத்து வீட்டு நூர்ஜஹான் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தொரை முட்டை போட்டிருக்காராக்கா? ஜோடியே இல்லாம எப்புடி?"

"ஜோடி இல்லாட்டியும் போடும். பொரிக்காது, அவ்வளவுதான்."

"அப்ப கூமுட்டை. எங்க வீட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்க."

ரெத்தினம் முட்டையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன ஒரு வருஷத்தில் பூவிழி தானாக அழைத்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'சாப்பிட்டியா' என்று ஒரு வரி வரும். 'சாப்பிட்டேன்' என்று ஒரு வரி போகும். பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் பூவிழி மாட்டேன் என்று எழுந்துபோன அன்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி ரெத்தினம் ஒரு சொல் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லை இருவரும் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. எடுக்காததாலேயே வேறு எதையும் எடுக்க முடியாமல் போயிற்று.

முட்டையைப் பற்றிப் பேச முடிந்தது. "அம்மா, நம்ம தொரை பொம்பளையாம்மா! காட்டு, காட்டு" என்று பூவிழி திரைக்குள் முகத்தைக் கொண்டுவந்து சிரித்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துரை முட்டை போட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் அடித்தது. நான்காவது முட்டையின்போது பூவிழி சொன்னாள்: "எதையும் எடுத்துடாதம்மா. அதுவே அடை காத்துட்டு, பொரிக்கலைன்னு தெரிஞ்சதும் விட்டுடுமாம். எடுத்தா, திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருக்குமாம்."

அந்தப் பேச்சின் கடைசி வரி மட்டும் ரெத்தினத்தின் மனதில் தங்கியது.

அது அவளுக்குப் புதிய செய்தியும் இல்லை. கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள். கூடையில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் கோழி போட்டுக்கொண்டே போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள். துரை தண்ணீர் குடிக்க நகரும் நேரம் பார்த்துக் கூண்டுக்குள் கையை விட்டாள். ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக் காலியான மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கினாள். இடையில் பத்து நாள் சும்மா இருந்துவிட்டுத் துரை மறுபடி போடத் தொடங்கும்.

"எடுக்கலைல்ல?" என்று கேட்பாள் பூவிழி.

"நான் ஏண்டி எடுக்கப்போறேன்?"

பதினான்காவது முட்டை நின்றுவிட்ட இப்போது, அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டி. பனிக்கட்டிப் பைகள் இருக்கும் இடத்தில் வெந்நீர் பாட்டில்களை வைத்து, துண்டை மடித்துப்போட்டு, அதன்மேல் துரையை வைத்தாள். அது கையில் துணிபோலக் கிடந்தது. மூடியைக் காற்று போக ஒருக்களித்து வைத்து மடியில் பிடித்துக்கொண்டு, கும்பகோணம் போய் பஸ் மாறி, தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் பெட்டிக்குள் விரலை விட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். எத்தனையோ பிரசவத்துக்கு ஆம்புலன்ஸில் கூடப் போயிருக்கிறாள். இப்படி நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்ததில்லை.

பறவை பார்க்கும் டாக்டர் இளைஞர். ஊசி போட்டு, விளக்குச் சூட்டில் துரையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதுவரைக்கும் எத்தனைம்மா?"

"பதிமூணு."

"பதிமூணா? எலும்புல இருக்குற சுண்ணாம்பையெல்லாம் உருவி ஓடு பண்ணியிருக்கு. இனிமே உடம்புல என்ன மிச்சம்? கோழி மாதிரின்னு நெனச்சு எடுத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா சார். தெரியாமப் போச்சு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நேற்றுக் காலைதான் அதே சொல்லுக்கு மர்யமைத் திட்டியிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கொடுத்த கால்சியம் மாத்திரைகளை அப்படியே அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தாள். "தெரியாம இருந்துட்டேன் நர்ஸம்மா" என்றாள். "மறந்துட்டேன்னு சொல்லு, புடிக்கலைன்னு சொல்லு. தெரியலைன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே" என்று ரெத்தினம் தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தாள்.

சாயங்காலம் துரை முட்டையை வெளியே தள்ளியது. ஓடே இல்லை, தோல் மட்டும். "அடுத்த தடவை இப்படி ஆனா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர். "போட்டா எடுக்காதீங்க. இருபது நாள் உட்காரட்டும்."

மூன்று வாரம் கழித்துத் துரை இரண்டு முட்டை போட்டது. ரெத்தினம் தொடவில்லை. மூன்றாவது வரவில்லை. துரை அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது, அலகால் புரட்டிப் புரட்டி விட்டது.

அதற்குப் பிறகு போனும் அடிக்கவில்லை. சொல்வதற்குச் செய்தி ஏதும் இல்லை. ஒன்பதாம் நாள் வந்தது 'சாப்பிட்டியா' என்ற பழைய வரிதான். அதைப் பார்த்துக்கொண்டே ரெத்தினம் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். ஒன்றை எடுத்தால் போதும். பத்து நாளில் மகளின் சிரிப்பு இந்த அறையில் கேட்கும். கை தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருந்தது. திறந்ததை அவள் கவனிக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இன்னொரு கையால் மகளை அழைத்தாள்.

"என்னம்மா? தொரை நல்லாருக்கா?"

"நாந்தான் எடுத்தேன்டி. ஒண்ணை மட்டும் விட்டுட்டு, போடப்போட மத்த எல்லாத்தையும். நீ எடுக்காதேன்னு சொன்னதுக்கு அப்புறமும். தெரிஞ்சுதான் எடுத்தேன். சாகப் பொழைக்கக் கெடந்துச்சு. தஞ்சாவூர் தூக்கிட்டு ஓடினேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"ஏம்மா?"

"முட்டை போட்டாத்தானே நீ கூப்பிடுற."

பூவிழி மூச்சை இழுப்பது கேட்டது. அழுகிறாளா, கோபமா என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரு காலத்தில் மகளின் கொலுசு ஒலியை வைத்தே பசியா தூக்கமா என்று சொல்லியிருக்கிறாள்.

"அந்த வாயில்லா ஜீவன்கிட்ட போய்..." என்று ஆரம்பித்துப் பூவிழி நிறுத்திக்கொண்டாள். "அன்னிக்கு நீ சொன்னதை... இப்ப வேணாம். வைக்கிறேன்மா."

"மறுபடி எப்ப...?"

அழைப்பு நின்றுவிட்டது.

ரெத்தினம் தாழ்ப்பாளைப் போடக் கையை நீட்டினாள். துரை கொண்டையைப் படிய வைத்து, இறக்கைகளை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு, அலகைத் திறந்து சீறியது. முகத்தைப் பார்த்து அல்ல, அந்தக் கையைப் பார்த்து. அவள் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, தரையில் அமர்ந்து மடியில் போட்டு, மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.