இரண்டு வெள்ளை

வலக்கண்ணில் புரை எடுத்து, டாக்டர் சரி என்று தலையாட்டியதுமே மாஸ்டர் கார் பட்டறைக்கு வந்துவிட்டார். அங்கே பெயிண்ட் கலப்பது அவர்தான். வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் அவருக்கு வேப்பங்காயாகக் கசக்கும்.

வந்ததும் வராததுமாக வம்பு காத்திருந்தது. போன மாதம் அவர் கலந்து அடித்த வெள்ளைக் கதவு நீலம் பாரித்திருக்கிறது என்று காரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் இன்னும் புரை எடுக்காத இடக்கண்ணால் பார்த்தார்; கதவும் காரும் ஒரே வெள்ளை. புதுக்கண்ணால் பார்த்தார், கதவு பட்டவர்த்தனமாக நீலம். ஒரே முகத்தில் இருந்துகொண்டு இரண்டும் ஆளுக்கொரு சாட்சி சொன்னால் மனிதன் எதை நம்புவது? கண் சரியில்லை என்றால் கலர் பார்க்கும் மெஷின் வாங்கிவிடலாம் என்று முதலாளி தன்மையாகத்தான் சொன்னார். மெஷின் வந்தால் தனக்கென்ன வேலை என்று மாஸ்டர் பயந்தார்.

சாப்பிட வீட்டுக்கு நடக்கையில் பயத்தையும் மீறி வேடிக்கை பிடித்துக்கொண்டது. ஒரு கண்ணை மூடினால் மேகம் பழுப்பு, மறுகண்ணை மூடினால் பளீர். பால் வண்டி, பள்ளிச் சட்டை, முட்டை என்று ஒன்றையும் விடவில்லை. தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்து ஒரு அம்மாள் முறைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில், போன வருஷம் அவரே வெள்ளையடித்த சமையலறைச் சுவர் புதுக்கண்ணுக்கு நீலமாக நின்றது. மனைவியைக் கூப்பிட்டு என்ன கலர் என்று கேட்டார்.

"நீலம். அடிச்ச அன்னிக்கே நீலம்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. வெள்ளைன்னு சாதிச்சீங்க. நீங்களே சொல்றப்போ என் கண்ணுலதான் கோளாறுன்னு போய்க் கண்ணாடி வாங்கினேன். அதுலயும் நீலமாத்தான் தெரிஞ்சுது. அப்புறம் பழகிட்டேன்."

அவள் மூக்கில் இருந்த கண்ணாடியைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. புரையால் மஞ்சளித்த கண் காட்டியதையெல்லாம் வெள்ளை என்று மூளை கணக்கெழுதிக்கொண்டே வந்திருக்கிறது; அவரும் அதை உலகத்தின் தலையில் கட்டியிருக்கிறார்.

சாயங்காலம் அவளையும் பட்டறைக்கு அழைத்துப்போனார். தப்பு தன் கண்ணில்தான் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு புதிதாகக் கலந்தார். ஒரு தகட்டில் தடவி அவளிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "இன்னும் துளி நீலம் இருக்கு."

அவர் புதுக்கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. இருந்தும் ஒரு சொட்டு மஞ்சள் விட்டுக் கிளறினார்.