கட்டி என்றால் புல்

2004-ல் தெலுங்கு பேசும் ஊரான மாரெட்பள்ளியில் கிரிஜா அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். தாவரவியல் படித்த எனக்குக் கிடைத்தது, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்க டாக்டர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்யும் வேலை. நாள் முழுவதும் கேட்டால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச்சில் அக்காவும் எட்டு வயது மகள் ரக்ஷிதாவும் அமெரிக்கா கிளம்பினார்கள். அக்காவின் கணவர் வாசு சார் அங்கே ஆன்சைட்டில் இருந்தார். கிளம்பும்போது அக்கா மதிலோரப் பாத்தியைக் காட்டினார். ரக்ஷிதா பிறந்த வருடம் வாசு சார் நட்ட பத்து மழை லில்லிக் கிழங்குகள், இப்போது பாத்தி முழுக்கப் பெருகியிருந்தன.

"பேரு புஷ்பா, படிச்சது பாட்னி. உன்கிட்ட விடாம யார்கிட்ட விடறது? தண்ணி ஊத்த நக்கோ, வேணாம் மா. காஞ்சு கிடக்கட்டும். முதல் மழை பெஞ்சா அதுவா வரும். அதைப் பார்க்கணும்னுதான் இவ ஜூனுக்குள்ள திரும்பணும்னு ஒரே அடம்."

"அக்கா, ப்ராமிஸ்?" என்றாள் ரக்ஷிதா.

"ப்ராமிஸ்."

ஏப்ரலில் லில்லியின் இலைகள் காய்ந்து வைக்கோல் ஆயின. மேலே வேப்பஞ்சருகு மூடிவிட்டது. வாசல் பெருக்க வரும் யாதம்மா, சருகை அள்ளட்டுமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த தெலுங்கு நாற்பது வார்த்தை. கிழங்குக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. கையை உருண்டையாகக் குவித்துக் காட்டி, "லோபல அந்தா கட்டி உந்தி. சூசி தீயண்டி" என்றேன். உள்ளே எல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது, பார்த்து எடுங்கள் என்று சொன்னதாக நினைப்பு.

"சரே அம்மா, அந்தா தீஸேஸ்தா." எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்றாள்.

சாயங்காலம் காய்கறிக் கூடையோடு வந்து பார்த்தால் பாத்தி வெறும் மண். யாதம்மா கொத்திக் கிளறி, சுத்தமாக வாரிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நான் அழ ஆரம்பித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நுவ்வே கதா கட்டி அன்னாவு!" நீதானே கட்டி என்று சொன்னாய்?

படிக்கல் இடுக்கிலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதி கட்டி." பிறகு என் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். "இதி கட்ட. உல்லிகட்ட."

கட்டி என்றால் புல். கட்ட என்றால் கிழங்கு. உள்ளே எல்லாம் புல், பார்த்து எடு என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மதிலுக்கு அந்தப் பக்கம், அபார்ட்மென்ட் வரப்போகும் காலி மனையில் வீசியிருந்தாள். அதன்மேல் ஒரு லாரி, இடித்த கட்டடத்தின் இடிகல்லைக் கொட்டிப் போயிருந்தது. கையால் கிளறியதில் ஒன்பது கிழங்கு கிடைத்தது. பாத்தியில் நட்டேன்.

ஞாயிறுதோறும் போன் வரும்.

"லில்லி எப்படி இருக்கு?"

"காஞ்சு கிடக்கு, அக்கா."

பொய் இல்லை. அதுதான் உறுத்தியது. பின்னாலிருந்து ரக்ஷிதாவின் குரல் கேட்கும். "அக்கா, வர்ஷம் ஒச்சிந்தா?" மழை வந்ததா என்று.

மே மாதம் பயந்துபோய், அக்கா சொன்னதை மீறித் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மண் குளிர்ந்தால் போதுமோ என்று ஐஸ் கரைத்து ஊற்றினேன். அதற்கும் ஒன்றும் இல்லை. படித்ததெல்லாம் அவ்வளவுதான் உதவியது.

ஜூன் முதல் வியாழன் இடியோடு மழை கொட்டியது. திங்கள் காலை ஆறு மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். டாக்ஸியிலிருந்து பெட்டி இறங்குவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"கைக்கு மா, ஏன் மறைச்ச? போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வாய் வரல, அக்கா."

"பாட்னி படிச்சவ கிழங்கைப் புல்லுன்னுட்டா. நல்லாருக்கு, போ."

ரக்ஷிதா என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பாத்திக்குப் போனாள். இலையே இல்லாமல் ஒன்பது இளஞ்சிவப்புப் பூக்கள் நின்றன. எண்ணிப் பார்த்தாள். துவைக்கும் கல்மேல் ஏறி மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

"மம்மி. கம்."

நாங்களும் எட்டிப் பார்த்தோம். இடிகல் மேடு முழுக்கப் பூ. ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் தண்டு வளைந்து, வெளிச்சம் இருந்த பக்கம் வழி கண்டுபிடித்து மேலே வந்திருந்தது. ஓரத்தில் ஒரு கடப்பைக் கல் துண்டின்மேல் ஒரு கிழங்கு ஒருக்களித்துக் கிடந்தது. அடியில் மண் இல்லை. வேர்கள் காற்றில் காய்ந்து நூலாக நின்றன. நாற்பத்துமூன்று டிகிரி வெயிலில் அந்தக் கல் எப்படிக் கொதித்திருக்கும்? அதிலிருந்தும் ஒரு தண்டு படுத்தபடி கிளம்பி, பாதியில் நிமிர்ந்து, நுனியில் ஒரு முழுப் பூவை விரித்திருந்தது. அது மலர்வதற்கு என்னிடமிருந்து எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

அப்போது மனைக்குள் லாரி ஒன்று பின்பக்கமாக நுழைந்தது. நிறையக் கல்.

கேட்டைத் திறந்து சுற்றிக்கொண்டு ஓடினேன். மேட்டுக்கு முன்னால் போய் நின்று கையை விரித்தேன்.

"ஆகண்டி!"

நிறுத்தச் சொல்லி நான் கத்தியது மாரெட்பள்ளி முழுக்கக் கேட்டிருக்கும். டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "ஏமைந்தி?" என்ன ஆச்சு என்றான்.

"கட்டலு," என்றேன், இந்த முறை கிழங்குகள் என்றே. "அந்தா கட்டலு."

அவன் மேட்டைப் பார்த்தான். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கடப்பைக் கல் அருகே குனிந்து அந்தக் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவரு நாட்டாரு?" யார் நட்டது என்கிறான்.

"யாதம்மா," என்றேன்.