என் குழியில் பூத்த கனகாம்பரம்

செத்தபிறகு படுத்துக்கொள்ள எனக்கென்று ஓர் இடம் இருந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். வல்லம் வடகாலில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்கு இடது பக்கம். அவர் உயிரோடு இருந்தபோது பாயிலும் நான் இடது பக்கம்தான் படுப்பேன்.

அந்த இடத்தை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சண்டை போட்டு வாங்கினேன். நாலு வருடத்துக்கு முன்னால் கோதண்டத்தைப் புதைத்த அன்று, பக்கத்து இடத்தை என் பெயரில் எழுதச் சொன்னேன். முன்கூட்டி இடம் பிடிக்கும் வழக்கம் கிடையாது என்று கமிட்டிக்காரர்கள் இழுத்தார்கள். "அப்டின்னா என்னையும் இப்பவே மூடிட்டுப் போங்க" என்று சொல்லி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் அந்தக் கோயிலுக்கு மணி அடித்தவர், ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டியவர் என் புருஷன். கொரோனா சமயத்தில் பெற்ற பிள்ளைகளே கிட்டே வராத பிணங்களுக்குக்கூட அவர்தான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் பதிவேட்டில் எழுதினார்கள்: 'சரோஜாவுக்கு.'

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போனபிறகு எனக்கு இங்கே என்ன வேலை? சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. மாத்திரை அட்டை அலமாரியில் கிடக்கும். ஞாபகம் வந்தால் போடுவேன், வராவிட்டால் அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிடுவேன். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

என் இடம் சும்மா கிடப்பானேன் என்று அதில் கனகாம்பரம் வைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அதில் பறித்த பூவைத்தான் ஆராதனை மேசைக்குத் தொடுத்து வைப்பேன். சொந்தக் குழியில் பூத்த பூவைக் கர்த்தருக்கு வைத்தவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு டிபன் கடை. பெண்கள் ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே, காலை நாலரைக்கு அடுப்பு பற்றவைத்தால் ஒன்பதரை வரைக்கும் நிற்க நேரம் இருக்காது. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் எல்லாம் என்னிடம்தான் இட்லி வாங்குவார்கள். அப்படித்தான் நீலிமா வந்தாள். ஜார்க்கண்ட் பெண். இருபத்து மூன்று வயசு இருக்கும். சட்னி வேண்டாம் என்பாள். பச்சை மிளகாயும் உப்பும் வைத்துக்கொண்டு இட்லியைக் கடித்துத் தின்பாள். "இன்னாடி இது தீனி" என்று நான் கத்துவேன். அவள் சிரிப்பாள். தமிழ் வராது, சிரிப்பு மட்டும் தாராளமாக வரும்.

அவள் வீட்டார் ஊரிலேயே வேதக்காரர்கள். எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை புரியாமல் முழு ஆராதனையும் இருப்பாள். பிறகு, கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலை செய்த ரகுவைக் கட்டிக்கொண்டாள். ரகு பிள்ளைப்பாக்கத்துப் பையன். அவன் வீட்டில் இதைச் சம்மதிக்கவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கோயில் வாசலில் பைக்மேல் உட்கார்ந்திருப்பான்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தால், இவள் என் செடியிலிருந்து பூப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சபை முழுக்கப் பார்க்க அவளைப் பிடித்துக் கத்தினேன். "அது என் குழி, தெரியுதா? நான் படுக்கப் போற எடம். உன் ஊட்டுத் தோட்டம்னு நெனச்சிக்கினியா?" அவளுக்கு என்ன புரிந்ததோ, பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு "சாரிம்மா" என்றாள். அதற்கப்புறமும் மறுநாள் காலை வந்து இட்லி வாங்கினாள். நான்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் எனக்கு முட்டி வலி. நடந்து போய்த் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. ஆனாலும் செடி வாடவில்லை, கொத்துக் கொத்தாகப் பூத்தது. கோதண்டம்தான் கீழேயிருந்து பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மழை தள்ளிப்போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் மோகன்ராஜ் கடைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் பைக்கைப் பிடித்தபடி ரகு நின்றிருந்தான். கம்பெனி யூனிஃபார்ம், கசங்கிப்போன முகம்.

"சரோஜாம்மா, நீலிமா விடியக்காலைல எறந்துட்டாம்மா. நாலு நாள் காய்ச்சல். டெங்குன்னாங்க" என்றார் பாஸ்டர்.

கையிலிருந்த தேங்காய் நார் அப்படியே நின்றுவிட்டது. திங்களும் செவ்வாயும் அவள் கடைக்கு வரவில்லை, நான் அதைக் கவனிக்கவுமில்லை.

பாஸ்டர் விவரமாகச் சொன்னார். ஊரில் அவளுக்கு ஓர் அண்ணன் மட்டும்தான். அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டாம், கோயில் மண்ணில் சிலுவை நட்டுப் புதையுங்கள், அது போதும் என்று போனில் அழுதிருக்கிறான். ரகுவின் ஊர் சுடுகாட்டுப் பேச்சை எடுக்கவே முடியாது. எங்கள் கல்லறைத் தோட்டமோ பன்னிரண்டு சென்ட். மூன்று பக்கமும் கம்பெனி மதில், நாலாவது பக்கம் கோயில். கொரோனாவோடு இடம் நிறைந்துவிட்டது. பதினாலு வருடம் ஆன கல்லறையைத் திறந்து அதிலேயே இன்னொருவரை வைக்கலாம், ஆனால் அதே குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும், அது எங்கள் சபைச் சட்டம். யாராவது தங்கள் கல்லறையை விட்டுக்கொடுத்தால் கமிட்டியிடம் பேசிக்கொள்ளலாம் என்று பாஸ்டர் பழைய குடும்பங்கள் மூன்றுக்குப் போன் செய்து பார்த்திருக்கிறார். இரண்டு பேர் முடியாது என்றார்கள், ஒருவர் எடுக்கவே இல்லை.

அவர் அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கேக்காதீங்க பாஸ்டர். அது என் எடம். எனக்குன்னு இந்த ஒலகத்துல கீறது அது ஒண்ணுதான்" என்றேன்.

"நான் வற்புறுத்தல சரோஜாம்மா."

"ஊர்ல எத்தினி பேரு கீறாங்க. எல்லார் வூட்டுக் கல்லறையும் பளிங்குல பளபளன்னு கீது. அவங்கள போய் கேளுங்க. இட்லி சுடுறவகிட்ட வந்து நிக்கிறீங்களே!"

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பொது இடுகாட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று ரகுவிடம் சொல்லித் திரும்பினார். ரகு போகவில்லை. என் எதிரே வந்து நின்றான். கெஞ்சப் போகிறான் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"எடம் கேக்கலமா. உங்க செடிக்கு நாலு நாளா தண்ணி ஊத்தல. அவ ஆஸ்பத்திரில சொல்லிக்கினே இருந்தா. இனிமே நான் வந்து ஊத்தட்டா?"

"செடிக்கு அவ ஊத்துனாளா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தபா, ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல எறங்கி நேரா அங்கதான் போவா. பாட்டில் மூடில ஓட்ட போட்டு வெச்சிருப்பா. உங்ககிட்ட சொல்லாதன்னா. சொன்னா திட்டுவீங்களாம்."

அவன் போய்விட்டான். நான் மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

செடி வாடித்தான் இருந்தது. மதில் ஓரக் குச்சியில் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். இத்தனை ஞாயிறும் அது என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது, குப்பை என்று நினைத்திருக்கிறேன்.

கோதண்டத்தின் சிலுவையைப் பார்த்துக் கத்தினேன். "யோவ், பாத்துக்கினுதானே படுத்துனு கீற? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் அவள அத்தினி பேர் எதிர்ல திட்டுனேன்யா."

ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்னார்கள்; கர்த்தருக்குக் கோதண்டம் என்று கூப்பிடத் தெரியாதா என்று கேட்டவர் அவர். அந்த ஆள் இன்று உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? யோசிக்கவே வேண்டாம். பாஸ்டர் பேசி முடிப்பதற்குள் பாதிக் குழி வெட்டியிருப்பார். என்னிடம் கேட்டிருக்கக்கூட மாட்டார்.

எனக்கு நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். இன்றைக்கும் வேண்டும். அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. அழுதபிறகு கனகாம்பரத்தை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, மண்ணோடு பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்தேன். கடைசிச் செடியைப் பிடுங்கியபோது இடம் வெறுமையாகிவிட்டது. இனி மனம் மாறினாலும் பிரயோஜனம் இல்லை.

பாஸ்டர் கோயில் அலுவலகத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். ரகு வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். பக்கெட்டைப் பார்த்ததும் பாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

"எடம் காலியா கீது. பொண்ண கொண்டாங்க" என்றேன்.

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார். "இதுல ஒரு சிக்கல் கீதும்மா. உங்க குடும்ப எடத்துல வேற குடும்பத்து ஆள வெச்சா கமிட்டில கேப்பாங்க. நாளைக்கு எல்லாரும் இதையே சொல்லிக்கினு வருவாங்க. உறவுன்னு ஒரு கட்டம் கீது. அதுல நான் இன்னா எழுதட்டும்?"

"மகள்னு எழுதுங்க."

"சரோஜாம்மா, கோயில் பதிவேடு..."

"என் வயித்துல பொறக்கல. அதானே? இந்தச் சபைல பதினாறு புள்ளைங்களுக்கு ஞானத்தாயா நின்னுகீறேன். அப்பல்லாம் தாய்னு எழுதுனீங்களே, அதுல எது என் வயித்துல பொறந்துச்சு? எனக்குத் தண்ணி ஊத்துனவ என் மக. எழுதுங்க."

அவர் எழுதினார். 'நீலிமா. கோதண்டம், சரோஜா ஆகியோரின் மகள்.' எனக்கு அறுபத்திரண்டு வயசு. மகள் என்று என் பெயரோடு ஒரு பிள்ளையின் பெயரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மையைக் காயவிட்டுக்கொண்டே பாஸ்டர் கேட்டார்: "அப்ப உங்களுக்கு எடம்?"

"பக்கத்துல இன்னா, என் புருஷன் மேலயே படுத்துக்கறேன். சட்டத்துல கீதுல்ல, அதே குடும்பம்."

"அதுக்குப் பதினாலு வருஷம் ஆகணும்மா. இப்ப நாலுதான் ஆகுது."

"இருக்கறேன்."

"இன்னும் பத்து வருஷம்."

"இருக்கறேன்னு சொல்றேன்ல?"

இரண்டு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்தது. ரகுவின் லைனில் வேலை செய்கிறவர்கள் எட்டுப் பேர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்தார்கள். கோயில் பக்கமே வந்திராத பிள்ளைகள். கோதண்டத்தின் மண்வெட்டியை நான் எடுத்துக் கொடுத்தேன். மாற்றி மாற்றி வெட்டினார்கள். எவ்வளவு ஆழம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, நான்தான் மேலே நின்று அதட்டிச் சொன்னேன்.

நாலு மணிக்கு அடக்கம். பாஸ்டர் ஜெபித்தார். போனில் அவள் அண்ணன் அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினான். எங்கள் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் அவள் எங்கள் பாட்டைக் கேட்டிருந்ததுபோல நாங்களும் நின்று முழுசாகக் கேட்டோம். முதல் மண் தாய் தகப்பன் போட வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து மூன்று கை மண் அள்ளிப் போட்டேன். எனக்குப் பிறகு ரகு போட்டான். மேடு கட்டியதும் கனகாம்பரத்தை அதன்மேல் நட்டேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து ரகு ஊற்றினான்.

அன்றிரவு அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையைத் தேடினேன். பாதி மாத்திரை தேதி முடிந்து போயிருந்தது. மறுநாள் கடை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று புதிதாக வாங்கி வந்தேன். டாக்டரம்மா ஆச்சரியப்பட்டாள். "பத்து வருஷத்துக்கு நான் சாவக் கூடாது, அதுக்கு இன்னா பண்ணணும், சொல்லு" என்றேன். சர்க்கரையை விடு, நட, மாத்திரையை விடாதே என்றாள். டீக்குச் சர்க்கரை போடுவதை விட்டுவிட்டேன். வாயில் வைக்க விளங்கவில்லை.

ரகு இப்போது தினமும் கடைக்கு வருகிறான். பச்சை மிளகாயும் உப்பும் வைத்துத் தின்னப் பார்க்கிறான், கண்ணில் தண்ணீர் வருகிறது, காரத்தாலா என்று நான் கேட்பதில்லை. கை கழுவும்போது தவறாமல் கேட்கிறான், "அத்த, மாத்திர போட்டியா?"

"போட்டேன் போட்டேன். பஸ்ஸு வந்துச்சு பாரு, ஓடு."

ஞாயிற்றுக்கிழமை பூப் பறிக்கப் போனபோது கோதண்டத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "நான் வர லேட்டாவும்யா. பொண்ணு பக்கத்துலதான் கீறா. அதுக்கு இன்னும் தமிழ் சரியா வராது, கொஞ்சம் பாத்துக்க."