வடகரை செல்லப்பாவுக்கு மௌன அஞ்சலி

குற்றாலத்தில் கட்சிக் கூட்டம். எங்கள் எம்.எல்.ஏ. மேடையில், "மறைந்த தொண்டர் வடகரை செல்லப்பாவுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார். கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து நின்ற அந்தச் செல்லப்பா நான்தான்.

டிவிக்காரர்கள் என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் ஒப்பாரி சேர்த்து ஒரு வாரம் ஓட்டினார்கள். எம்.எல்.ஏ.வும் பேட்டியில் விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் வருத்தம் சொல்ல ஒரு பயலுக்கும் வாய் வரவில்லை. தென்காசி பஸ்ஸில் ஏறினால், "பொணத்துக்கு எடம் விடுங்கலே" என்கிறார்கள்.

அடுத்த தேர்தலுக்கு அதே கேமராக்களோடு எம்.எல்.ஏ. என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. என் மனைவி முப்பிடாதி வெளியே போய், துக்க வீட்டுக் குரலில் கேட்டாள்.

"துட்டி கேக்க இப்பந்தான் வாரியளா? அவுக போயி ரெண்டு வருசமாச்சு."

கேமராக்கள் அவர் முகத்தை நெருங்கின. அவர் பழக்கத்தில் கைகூப்பி, "போயிட்டு வாரேன் மதினி" என்றார்.

"துட்டி வீட்ல அப்படிச் சொல்லப்பிடாது. பேசாம போங்க. குத்தாலத்துல இப்பம் தண்ணி கெடையாது, வீட்ல போயி தலைமுழுகுங்க."